ஹோட்டல் ரசீதின் கடைசி வரி: அந்தச் சிறு தொகையால் ஊருக்கு என்ன கிடைக்கும்?



இன்றைய அரங்கில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஹோட்டல் ரசீதின் கடைசி வரி. வெளியூர் போகிறோம், இரண்டு இரவு தங்குகிறோம், புறப்படும்போது ரசீது கைக்கு வருகிறது. அறை வாடகை, சேவைக் கட்டணம், சேவை வரி என்று வரிசையாக இருக்கும். சில ஊர்களில் அதற்கும் கீழே இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி என்று இன்னொரு சிறு தொகை இருக்கும். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் "இதுவும் ஒரு வரியா!" என்று அலுத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அந்தச் சிறு தொகை எங்கே போகிறது? அதை எதற்குச் செலவு செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அதனால் அந்த ஊருக்கு ஒரு தெருவிளக்காவது வந்ததா? இந்தக் கேள்விகளை ஹோட்டல் முதலாளிகள் மட்டும் கேட்டால் போதாது. ஊரில் கடை வைத்திருப்பவர், ஹோட்டலில் வேலை செய்பவர், டாக்சி ஓட்டுபவர் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

தனியாகச் செய்ய முடியாத வேலை

ஒரு சுற்றுப்பயணி ஓர் ஊருக்கு வருவது ஹோட்டல் கட்டிலில் படுத்துறங்குவதற்காக மட்டும் அல்ல. ஜார்ஜ்டவுனுக்கு வருபவர் பழைய கடைவீடுகளையும் குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் பார்க்க வருகிறார். லிட்டல் இந்தியாவில் நடக்க வருகிறார். நடைபாதை உடைந்திருந்தால், சாக்கடை நாறினால், அவசரத்துக்கு ஒரு சுத்தமான கழிப்பறை கிடைக்காவிட்டால், அவர் மனம் சுளித்துப் போகிறார். ஹோட்டல் அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

ஆனால் நடைபாதை ஹோட்டலுக்குச் சொந்தமானது அல்ல. ஒரு ஹோட்டல்காரர் தம் சொந்தப் பணத்தைப் போட்டுத் தெருவைச் சீர்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பலன் அவருக்கு மட்டுமா? பக்கத்து ஹோட்டலுக்கும், எதிரே இருக்கும் ஹோட்டலுக்கும் அதே பலன்தான். அவர்கள் ஒரு காசு போடவில்லை. அடுத்த ஆண்டு முதலாமவரும் "நான் மட்டும் ஏன் போட வேண்டும்?" என்று கையை மடக்கிக்கொள்வார்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஆனால் வடத்தைப் பிடித்தவர் எல்லாரும் இழுப்பவர்கள் அல்ல. சிலர் சும்மா கை வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள். அப்படிப்பட்டவர்கள் பெருகினால் தேர் நின்றுவிடும். ஹோட்டல்களிடம் நன்கொடையாகக் கேட்டால் நடப்பது இதுதான். எல்லாரும் கட்டியாக வேண்டும் என்ற விதி வந்தால்தான் பொதுநிதி நிற்கும். வருகையாளர் கட்டணம் என்ற ஏற்பாட்டின் அடிப்படை நியாயம் இவ்வளவுதான்.

ஒரு சிறு கணக்கு

மூன்று வெள்ளியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு அறைகள் உள்ள ஒரு ஹோட்டல். சராசரியாக ஒவ்வோர் இரவும் 60 அறைகள் நிரம்புகின்றன. ஓர் ஆண்டில் 21,900 அறை இரவுகள். அறைக்கு 3 வெள்ளி என்றால் 65,700 வெள்ளி. இப்படி ஐம்பது ஹோட்டல்கள் ஓர் ஊரில் இருந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 33 லட்சம் வெள்ளி சேரும். ஒரு பழைய நகரின் நடைபாதைகளையும் விளக்குகளையும் பெயர்ப்பலகைகளையும் கவனிக்க இது சாதாரணத் தொகை அல்ல. தொகை சிறியது என்று நாம் அலட்சியமாக விட்டுவிடக் கூடாது என்பதற்கே இந்தக் கணக்கு.

பினாங்கு எடுத்த வழி

நம் நாட்டில் பினாங்கு மாநிலம் இதை முன்கூட்டியே தொடங்கியது. ஜார்ஜ்டவுன் நகரம் மலாக்காவுடன் சேர்ந்து 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அது பெருமை மட்டும் அல்ல, பராமரிக்க வேண்டிய பொறுப்பும்கூட. 2014 ஜூன் 1 முதல் பினாங்கு ஹோட்டல்களில் ஊராட்சிக் கட்டணம் நடப்புக்கு வந்தது. மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும் உள்ள ஹோட்டல்களில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 2 வெள்ளி. நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் என்றால் 3 வெள்ளி.

இதற்கு வரி என்று பெயர் வைக்காமல் கட்டணம் என்று பெயர் வைத்ததைக் கவனிக்க வேண்டும். மலேசிய அரசமைப்புச் சட்டத்தின்படி சுற்றுலாத்துறை மத்திய அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வரி விதிக்க மாநிலங்களுக்கு உள்ள அதிகாரமும் குறைவு. ஆகவே ஒரு மாநிலம் தன் ஊரின் சுற்றுலாவுக்கு நிதி திரட்ட நினைத்தால், ஊராட்சி மன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பணம் ஊரிலேயே தங்குகிறது. அது நல்ல அம்சம். ஆனால் வசூல் செய்துகொடுக்கும் ஹோட்டல்களுக்கு அதைச் செலவு செய்வதில் ஓட்டு இல்லை. முடிவு மாநிலத்தின் கையிலும் ஊராட்சியின் கையிலும்தான்.

பத்து வெள்ளி போன வழி

மூன்று ஆண்டுகள் கழித்து மத்திய அரசாங்கம் களத்தில் இறங்கியது. 2017-இல் சுற்றுலா வரிச் சட்டம் நிறைவேறியது. முதலில் அறிவித்த விகிதத்தில் ஐந்து நட்சத்திர அறைக்கு 20 வெள்ளி, நான்கு நட்சத்திரத்துக்கு 10 வெள்ளி, மூன்றும் அதற்குக் கீழும் 5 வெள்ளி, நட்சத்திரம் இல்லாத விடுதிகளுக்கு இரண்டரை வெள்ளி என்று இருந்தது. உள்நாட்டவரும் கட்ட வேண்டும் என்ற அந்தத் திட்டத்துக்குப் பலத்த ஆட்சேபம் கிளம்பியது. பிறகு அதை மாற்றி, வெளிநாட்டவர் மட்டும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி கட்ட வேண்டும் என்று முடிவாகி, 2017 செப்டம்பர் 1 முதல் வசூல் தொடங்கியது. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் விலக்கு.

இங்கே வசூலிப்பவர் ஹோட்டல்காரர். அவர் பணத்தைச் சுங்கத்துறையிடம் கட்டுகிறார். அங்கிருந்து அது மத்திய அரசாங்கத்தின் கணக்குக்குப் போகிறது. சுற்றுப்பயணி நடந்தது லங்காவித் தெருவில், அல்லது கூச்சிங் ஆற்றங்கரையில். ஆனால் அவர் கொடுத்த பத்து வெள்ளி முதலில் போன இடம் மத்திய அரசாங்கத்தின் பெட்டி. இதனால்தான் மனக்கசப்பு வந்தது. சரவாக் மாநிலம் 2017 ஜூனில் மலேசிய சுற்றுலா ஊக்குவிப்பு வாரியத்தில் இருந்த தன் பிரதிநிதித்துவத்தையே விலக்கிக்கொண்டது. 2018 நவம்பரில் தாக்கலான 2019-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான், வசூலில் பாதியை மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்வதாக அறிவிப்பு வந்தது.

எல்லா அறைக்கும் ஒரே பத்து வெள்ளி என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 600 வெள்ளி அறையில் தங்குபவருக்கு அது அறுபதில் ஒரு பங்கு. 60 வெள்ளி அறையில் தங்குபவருக்கு அதே பத்து வெள்ளி ஆறில் ஒரு பங்கு. சுமை சிறிய விடுதிகளின் மேல்தான் அதிகம் விழுகிறது. நட்சத்திரத்துக்கு ஏற்பப் பினாங்கு பிரித்தது இந்த வகையில் சற்று நியாயமானது.

மான்செஸ்டர் ஹோட்டல்கள் போட்ட ஓட்டு

இப்போது வேறு ஒரு வழியைப் பார்ப்போம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். காற்பந்து ரசிகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அந்த நகரமும் வருகையாளர் கட்டணம் வசூலிக்க விரும்பியது. ஆனால் அப்போது இங்கிலாந்தின் நகராட்சிகளுக்குச் சுற்றுலா வரி விதிக்கச் சட்டத்தில் இடம் இல்லை.

ஆகவே வணிக மேம்பாட்டு வட்டாரம் என்ற ஏற்பாட்டை அவர்கள் பயன்படுத்தினார்கள். ஒரு வட்டாரத்தில் உள்ள வியாபாரிகள் ஒன்றுகூடி, தங்கள் மேல் தாங்களே ஒரு கட்டணத்தை விதித்துக்கொண்டு, அந்தப் பணத்தைத் தங்கள் வட்டாரத்துக்கே செலவு செய்வதுதான் அது. கனடாவின் டோரோண்டோ நகரில் 1970-இல் கடைக்காரர்கள் தொடங்கிய முறை இது. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் 2004-ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதற்கு வழி செய்தன.

மான்செஸ்டரில் இந்த வட்டாரத்தை ஹோட்டல்களுக்கும், ஹோட்டல் போல நடத்தப்படும் அடுக்குமாடித் தங்குமிடங்களுக்கும் மட்டும் என்று அமைத்தார்கள். மதிப்பீட்டு வரிக்காகக் கணக்கிடும் ஆண்டு வாடகை மதிப்பு 75,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள இடங்கள் இதில் சேர்ந்தன. 2022-இல் ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் ஆதரித்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் மான்செஸ்டர் நகர மையத்திலும், அதை ஒட்டிய சால்ஃபோர்டின் ஒரு பகுதியிலும் 74 தங்குமிடங்கள் அறைக்கு ஓர் இரவுக்கு ஒரு பவுண்ட் வசூலிக்கத் தொடங்கின. முதல் ஆண்டில் மட்டும் சுமார் 28 லட்சம் பவுண்ட் சேர்ந்தது. கூட்டம் குறைந்த மாதங்களில் மாநாடுகளையும் நிகழ்ச்சிகளையும் கொண்டுவருவது, நகரை விளம்பரப்படுத்துவது, தெருக்களைக் கூடுதலாகச் சுத்தம் செய்வது ஆகியவை இந்த நிதியின் வேலைகள்.

இதில் மூன்று காப்புகள் இருக்கின்றன. இவற்றைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

முதல் காப்பு, இரட்டைப் பெரும்பான்மை. ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்களுடைய கட்டடங்களின் வாடகை மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். ஆகவே இரண்டு மூன்று பெரிய ஹோட்டல்கள் சேர்ந்து சிறியவர்களை மடக்கிவிட முடியாது. சிறியவர்கள் மட்டும் சேர்ந்து பெரியவர்கள் தலையில் சுமையை ஏற்றிவிடவும் முடியாது.

இரண்டாவது காப்பு, காலக்கெடு. ஓர் ஓட்டெடுப்புக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டுதான் ஆயுள். அது முடிந்ததும் மறுபடியும் ஓட்டுக் கேட்டுத்தான் தொடர முடியும். வேலை நடக்கவில்லை என்றால் ஹோட்டல்கள் அடுத்த முறை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒருமுறை வந்த வரி திரும்பிப் போவதில்லை என்ற நம் அனுபவத்துக்கு இது நேர்மாறானது.

மூன்றாவது காப்பு, ஏற்கனவே நகராட்சி என்னென்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை எழுத்தில் வைப்பது. ஓட்டெடுப்புக்கு முன் வெளியிடும் திட்டத்திலேயே இந்தப் பட்டியல் இருக்க வேண்டும். புதிய பணம் அதற்கு மேல் கூடுதலான வேலைக்குத்தான் போக வேண்டும். இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? வாரத்தில் மூன்று நாள் தெருக் கூட்டிக்கொண்டிருந்த நகராட்சி, "இனி ஹோட்டல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்கிவிடும். பணம் கூடும், தெரு அப்படியே இருக்கும்.

சிங்கப்பூரின் பந்தய வாரம்

நம் பக்கத்து நாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2008 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் முதன்முறையாக நடந்தது. அந்தப் பந்தயத் தொடரிலேயே இரவில் நடந்த முதல் பந்தயம் அதுதான். செலவு ஆண்டுக்குச் சுமார் 15 கோடி சிங்கப்பூர் வெள்ளி என்றும், அதில் 60 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அப்போது எழுந்த கேள்வி இது: பந்தயத்தால் ஹோட்டல் அறை வாடகை பல மடங்கு ஏறும், லாபம் ஹோட்டலுக்கு, செலவு மட்டும் பொதுமக்களுக்கா?

அதற்கு விடையாகப் பந்தயக் காலத்தில் ஹோட்டல்களின் மேல் ஒரு சிறப்புத் தீர்வை விதித்தார்கள். பந்தயப் பாதையை ஒட்டிய ஹோட்டல்கள் அந்த நாள்களின் அறை வருமானத்தில் 30 விழுக்காடு, மற்ற ஹோட்டல்கள் 20 விழுக்காடு என்று 2008-இல் தொடங்கியது. யாருக்குப் பலன் அதிகமோ அவர் அதிகம் போட வேண்டும், பலன் வரும் நாள்களில் மட்டும் போட வேண்டும் என்பது இதன் தத்துவம். இதில் ஹோட்டல்களின் ஓட்டு இல்லை. ஆனால் பணம் எதற்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பந்தயம் கண்ணெதிரே நடக்கிறது.

குறைகளும் உண்டு

இப்படிச் சொல்வதால் மான்செஸ்டர் முறை குறையே இல்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. ஓட்டுப் போடுவது ஹோட்டல். ஆனால் பெரும்பாலும் அந்தப் பவுண்டைக் கொடுப்பது அறையில் தங்குபவர். அவருக்கு ஓட்டு இல்லை. அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கும் ஓட்டு இல்லை. தெருவில் ஒரு திருவிழா நடத்தலாம் என்று ஹோட்டல்கள் முடிவு செய்தால், அந்தச் சத்தத்தைத் தாங்குபவர் குடியிருப்பவர். நிதியை விளம்பரத்துக்கே கொட்டிவிட்டுச் சாக்கடையை மறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஹோட்டல் முதலாளிக்கு அடுத்த மாதம் நிரம்ப வேண்டிய அறைகள் கண்ணில் படுவது இயல்பு. பத்து ஆண்டு கழித்து இடியப் போகும் சுவர் எல்லாருடைய கண்ணிலும் படாது.

இன்னொரு குறை, கட்டாமல் தப்புபவர்கள். காலையில் வந்து மாலையில் திரும்புகிற பேருந்துக் கூட்டம் தெருவை நிறைக்கிறது, குப்பை போடுகிறது. ஆனால் ஹோட்டலில் தங்குவதில்லை, ஆகவே கட்டணமும் இல்லை. வீட்டு அறைகளை இணையத்தில் வாடகைக்கு விடுபவர்களும் பல ஊர்களில் நீண்ட காலம் கணக்கில் வராமல் இருந்தார்கள். நம் நாட்டில் இணைய முன்பதிவுத் தளங்களையும் சுற்றுலா வரிக்குள் கொண்டுவரும் விதி 2023 ஜனவரி 1 முதல்தான் நடப்புக்கு வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வருகையாளரை நம்பிய நிதி வருகையாளர் வரும்வரைதான். 2019-இல் மலேசியாவுக்கு வந்த வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் 2 கோடியே 61 லட்சம் பேர். கோவிட் தொற்று பரவிய 2020-இல் அது 43 லட்சமாகச் சரிந்தது. 2020 ஜூலை 1 முதல் 2022 டிசம்பர் 31 வரை சுற்றுலா வரியே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே இப்படிப்பட்ட நிதியை நம்பி நிரந்தரச் சம்பளத்தையோ நீண்ட காலக் கடனையோ ஏற்றுக்கொள்ளக் கூடாது. நல்ல ஆண்டில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதும் எவருக்கும் இது தெரிந்த பாடம்தான்.

நாம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

வரியா கட்டணமா என்று பெயரைப் பற்றி வாதாடுவதில் பயன் இல்லை. எந்தப் பெயரில் வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டால் அதன் தரம் தெரிந்துவிடும்.

ஒன்று, செலவை முடிவு செய்யும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஹோட்டல்காரர் மட்டுமா, அதிகாரி மட்டுமா, அல்லது கடைக்காரரும் குடியிருப்பவரும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் இருக்கிறார்களா?

இரண்டு, பணம் வசூலான ஊருக்கே திரும்புகிறதா? முழுதும் திரும்பாவிட்டால், எவ்வளவு திரும்புகிறது?

மூன்று, முன்பே நடந்துகொண்டிருந்த வேலைக்கு மேல் கூடுதலாக என்ன நடந்தது? அதற்கு ஆண்டுதோறும் கணக்கு வெளிவருகிறதா?

நான்கு, இதற்கு முடிவுத் தேதி உண்டா? மறுபடியும் சம்மதம் கேட்பார்களா?

நாம் பார்த்த உதாரணங்களை இந்த நான்கிலும் நிறுத்திப் பாருங்கள். மான்செஸ்டர் கடைசி மூன்றில் நன்றாகத் தேறுகிறது, முதல் கேள்வியில் பாதிதான் தேறுகிறது. பினாங்குக் கட்டணம் இரண்டாவதில் தேறுகிறது. சுற்றுலா வரிக்கு இரண்டாவது கேள்வியிலேயே தடுமாற்றம்.

பினாங்கு லிட்டல் இந்தியாவிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் நம்மவர்களின் கடைகள் சுற்றுப்பயணிகளை நம்பியும் இருக்கின்றன. பூக்கடை, துணிக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக்கடை என்று தலைமுறைகளாக அங்கே தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஊரின் அழகு என்று வெளிநாட்டவர் படம் எடுத்துப் போவது இவர்களுடைய உழைப்பையும்தான். ஆனால் சுற்றுலா நிதி பற்றிய கூட்டத்தில் இவர்களுக்கு நாற்காலி போடும் வழக்கம் இந்த ஏற்பாடுகள் எதிலும் இல்லை. நம் வணிகர் சங்கங்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்கும்போது "எங்களுக்கும் உதவி செய்யுங்கள்" என்று மனுக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. இந்தத் தெருவுக்கு எத்தனை விளக்கு வேண்டும், எந்த இடத்தில் கழிப்பறை வேண்டும், எந்தச் சாக்கடை மழையில் பொங்குகிறது என்ற பட்டியலோடு போக வேண்டும். பட்டியல் உள்ளவர் பேச்சுக்கே கூட்டத்தில் மதிப்பு.

ஹோட்டல் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வசூலிக்கும் தொகை எதற்கு என்று வரவேற்பு மேசையில் நான்கு வரி எழுதி வைத்தால், பெரும்பாலான விருந்தினர் முகம் சுளிக்க மாட்டார்கள். தாம் நடந்து வந்த தெருவின் விளக்குக்கு மூன்று வெள்ளி என்று தெரிந்தால் மனிதர்கள் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். காரணம் தெரியாத மூன்று வெள்ளிதான் கசக்கிறது.

அடுத்த முறை ஹோட்டல் ரசீது கைக்கு வரும்போது கடைசி வரியை ஒரு முறை படியுங்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்று மேசையில் இருப்பவரிடம் பணிவாகக் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பத்துப் பேர் கேட்டால் அவர் மேலாளரிடம் கேட்பார். மேலாளர்கள் கேட்டால் சங்கம் கேட்கும். சங்கம் கேட்டால் ஊராட்சி பதில் சொல்லியாக வேண்டும்.